மாவுக்குப் போன சூடு

காவடிமலையில் சந்தைக்குப் பின்னால் சரிந்து இறங்குகிற எங்கள் ஊற்றுத் தெருவில் இட்லி மாவு பொங்காது என்பது, மலையேறி வந்த முதல் குடும்பம் முதல் ஆட்டுக்கல்லை இறக்கி வைத்த நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்காக யாரும் உட்கார்ந்து அழுததில்லை, அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையிலும் ஒரு பொட்டு நுரை இல்லாமல், வைத்த இடத்தில் வைத்தபடி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கும், அதை ஊற்றி அவித்தால் என்ன வருகிறதோ அதற்குத்தான் எங்கள் தெருவில் இட்லி என்று பெயர். கீழேயிருந்து வருகிற விருந்தாளிகள் அதைத் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டு, பசி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இருந்தாலும் நாங்கள் முயற்சியைக் கைவிட்டவர்கள் அல்ல. மாவுப் பாத்திரத்துக்கு ஸ்வெட்டர் போடுவது எங்கள் தெரு வழக்கம், கழுத்துப் பக்கத்தை இழுத்து மூடிமேல் கட்டி, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பொங்கி வா தாயே என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டுப் போவார்கள், அது பொங்காது, மறுநாளும் சொல்வார்கள். புருஷனுக்கு ஸ்வெட்டர் இல்லாத வீடு எங்கள் தெருவில் உண்டு, மாவுக்கு இல்லாத வீடு கிடையாது.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இசக்கி மருமகளாக வந்தாள். மினி பஸ் ஓட்டுகிற சுயம்புலிங்கத்துக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். சீர் வரிசையில் பீரோ வந்தது, கட்டில் வந்தது, பித்தளைக் குடம் வந்தது, மெத்தையில் சுருட்டி ஒரு கண்ணாடித் தொட்டியும் வந்தது, அந்தத் தொட்டியில் விடவேண்டிய மீன்கள் இரண்டும் காற்றடைத்த பாலிதீன் பையில் அவள் மடியிலேயே வந்தன. கொண்டை ஊசி வளைவுகளில் கல்யாண வேனில் இருந்த அத்தனை பேரும் வாந்தி எடுத்தார்கள், மீன்கள் எடுக்கவில்லை. ஏஞ்சல் என்று அந்த மீனுக்குப் பெயர், தட்டையாக, நீள நீளத் துடுப்போடு, வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடு போட்டு, பார்க்கக் கொஞ்சம் மிடுக்காகத்தான் இருக்கும். ஆணும் பெண்ணுமாக அவள் குஞ்சிலிருந்தே வளர்த்தவை.

இசக்கிக்கு மலை பிடிக்கவில்லை. பனி பிடிக்கவில்லை, பல் தேய்க்கிற தண்ணீர் பிடிக்கவில்லை, எங்கள் இட்லியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் மென்று முடிக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து புரிந்துகொண்டோம். வந்த முதல் சாயங்காலமே புருஷனைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டி, "இது ரெண்டும் இங்கன பிழைச்சிச்சுன்னா நானும் பிழைச்சுக்குவேன். இதுகளுக்கு ஒத்துக்கலைன்னா எனக்கும் ஒத்துக்கலைன்னு அர்த்தம். அன்னைக்கே பஸ் ஏறிருவேன், உங்க பஸ்ஸுலயே" என்று சொன்னாள். மூடுபனியில் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஓட்டக்கூடிய சுயம்புலிங்கம் அதைக் கேட்டுத் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சரி என்றான். கல்யாணமான புதிதில் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மலைக்குப் போகிறோமே என்று அவள் ஒரு ஹீட்டரும் வாங்கி வந்திருந்தாள். குளிக்கிற ஹீட்டர் இல்லை, தொட்டிக்குள் நிறுத்துகிற ஹீட்டர், ஒரு சாண் கண்ணாடிக் குழாய், உள்ளே சுருள் கம்பி, தலையில் திருகுகிற குமிழ், வேலை செய்யும்போது சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரியும். குமிழில் வைத்த சூட்டுக்குத் தண்ணீர் வந்ததும் தானே அணைந்து, ஆறினதும் தானே எரியும். அதைத் தொட்டியில் ஒட்டி, பிளக்கைச் சொருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலையில் மாமியார் வடிவம்மாள் சமையலறைக் கதவைத் திறந்தபோது, மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ஸ்வெட்டரின் கழுத்தை அடைத்து, இரண்டு கைகளுக்குள்ளும் இறங்கி நிறைந்து, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, மணிக்கட்டு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வடிவம்மாள் கூச்சல் போடவில்லை. இடது கையிலிருந்து வந்ததை ஒரு கரண்டியில் பிடித்து முதல் ஈடு ஊற்றினாள். இறக்கிவைத்து ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள், அது அமுங்கிவிட்டுத் திரும்ப எழுந்தது, அதற்குப் பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அன்று காலை தெரு முழுக்க அதே கதைதான். மேல்வீட்டு ரத்னாபாயின் மாவு ஜன்னல் வரைக்கும் போயிருந்தது, கடைசி வீட்டில் மாவு வாசல்படி இறங்கிச் சாக்கடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை காலமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோமே, இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது என்றாள் ரத்னாபாய், எங்களுக்கும் அதுவே போதுமாக இருந்தது. சட்னி போதவில்லை என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம்.

இசக்கியின் தொட்டியிலோ தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. விளக்கு சிவப்பாக எரிந்தபடி இருக்க, குழாயைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது, மீன்கள் இரண்டும் அடி மணலில் ஒரு மூலையில் போய் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

சுயம்புலிங்கம் முதல் டிரிப்புக்குப் போகாமல் ஓடிப்போய் ஜெபசிங்கைக் கூட்டிவந்தான். ஜெபசிங் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன், கீசரிலிருந்து கோயில் ஸ்பீக்கர் வரைக்கும் அவன் கைவைக்காத பொருள் கிடையாது, கைவைத்த பிறகு சரியான பொருளும் அவ்வளவாகக் கிடையாது, ஆனால் பேச்சு மட்டும் பழுதில்லாமல் ஓடும். பிளக்கைக் கழற்றி மாட்டினான், டெஸ்டரை வைத்துப் பார்த்தான், கரண்ட் வருகிறது என்றான். குழாயில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கவேண்டும் என்று அவனாக ஒரு செம்பு ஊற்றினான். தண்ணீருக்குள் வைத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போடவேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும் என்று இசக்கிக்கே பாடம் நடத்தினான், அதெல்லாம் அவள் செய்திருந்தாள். உள்ளே ஈரம் கோத்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தான், அப்போது வெயிலும் இல்லை. உப்புப் படிந்திருக்கும் என்று வினிகர் கேட்டுவாங்கித் துடைத்தான், எங்கள் மலைத் தண்ணீரில் உப்பு எங்கே இருக்கிறது, துணிதான் வெள்ளையாயிற்று. ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழுகிற பக்கம் மாற்றிவைத்தால் சூடு பரவும் என்று அதையும் செய்தான். விளக்கு எரிந்தது, தண்ணீர் சூடேறவில்லை, தெர்மாமீட்டரின் சிவப்புக் கோடு கீழேயே படுத்திருந்தது.

மதியம் வரைக்கும் இப்படிப் பார்த்துச் சலித்துப்போய் அவன் சுவிட்சை அணைத்தபோதுதான் தெரு முழுக்க மூடிகள் டங்கு டங்கென்று உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்கு என்று பொங்கிக்கொண்டிருந்த மாவெல்லாம் ஒரே நேரத்தில் அமுங்கிவிட்டது என்று வாசலுக்கு வாசல் சொன்னார்கள். அவன் திரும்பப் போட்டான். பொங்குகிறது என்றார்கள். அணைத்தான், ரத்னாபாய் கரண்டியோடு வந்து, இன்னொரு தடவை அந்தச் சுவிட்சில் கைவைத்தால் விரல் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் மாவுக்குப் போகிறது என்பது அன்றைக்கு இப்படித்தான் தெரியவந்தது, ஜெபசிங் அதற்கு எர்த் சரியில்லை என்று காரணம் சொன்னான்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த வாழ்வைச் சொல்லவேண்டும். தட்டில் தட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள், சம்பந்தம் பேசி முறிந்துபோன ஒரு வீட்டார் வேறு காரணம் சொல்லிக்கொண்டு வந்து எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தேதி குறித்துப் போனார்கள், மேலத்தெருக்காரர்கள் மாவை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீடுகளில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு நின்றார்கள், முன்பெல்லாம் எங்களோடு பேசவே மாட்டார்கள். ஸ்வெட்டர்களைத் துவைத்து மடித்து வைத்தோம். எல்லோருக்கும் கன்னம் கொஞ்சம் உப்பிற்று. மீன் தொட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, பாவம் என்று சொன்னோம்.

சுயம்புலிங்கம் கோயம்புத்தூர் டிரைவர் ஒருவரிடம் சொல்லி இன்னொரு ஹீட்டர், முன்னதைவிடப் பெரியதாக, வாட் கூடுதலாக வாங்கிவரச் செய்தான். அதையும் மாட்டினான். அன்று தெருவில் ஆப்ப மாவு பொங்கியது, பரோட்டாவுக்குப் பிசைந்த மைதா பொங்கியது, ரத்னாபாய் வீட்டில் கோலமாவுகூட லேசாக மேலே எழும்பியதாகச் சொன்னார்கள், அதை மட்டும் நான் நம்பவில்லை. தண்ணீர் அப்படியேதான் இருந்தது.

பொறுக்கமுடியாமல் இசக்கி இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டாள். பிரயோஜனம் இல்லாமல் எதற்கு எரியவேண்டும் என்றாள், நியாயம்தானே. தெரு அன்றைக்கே குழாயடியில் கூடிவிட்டது. ரத்னாபாய்தான் பேசினாள். "மீன் எத்தனை? ரெண்டு. நாம எத்தனை பேரு, நீயே சொல்லு" என்று வடிவம்மாளைப் பார்த்துக் கேட்டாள், வடிவம்மாள் எண்ணிச் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து மருமகள் பார்க்கவே இரண்டு பிளக்கையும் சொருகினாள். ஜெபசிங்குக்கு வீட்டுக்கு வீடு இலை போட்டோம். நாலு இட்லி உள்ளே போனதும் ஸ்பேர் கீழேயிருந்து வரவேண்டும் என்பான், ஆறு போனதும் அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்பான். அவனுக்கு நாங்கள் காசு எதுவும் கொடுக்கவில்லை, பாசமாக இருந்தோம், அவ்வளவுதான்.

மீன்கள் வாடிக்கொண்டே போயின. கறுப்புக் கோடு வெளுத்தது, போட்ட தீனி மணலில் கிடந்தது. சுயம்புலிங்கம் ஒவ்வொரு டிரிப்புக்கு நடுவிலும் பயணிகளை ஸ்டாண்டில் காக்கவைத்துவிட்டு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுவான், அவன் போய் இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் ஆறிவிடும். இப்படிச் சூடும் குளிருமாக மாறி மாறி வந்தால் சீக்கிரமே செத்துப்போகும் என்று இசக்கி சொன்ன பிறகு, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் பயணம் செய்தவர்கள் யாரும் அவனைத் திட்டவில்லை, அவன் முகம் அப்படி இருந்தது.

ஒருநாள் பெண் மீனின் செதிலில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. குளிரில் வருகிற நோய், விட்டால் உடம்பெல்லாம் ஏறி மூச்சை அடைத்துவிடும் என்பது இசக்கிக்குத் தெரியும். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை, ஊரிலிருக்கிற அப்பாவுக்குப் போன் போட்டு, வந்து என்னையும் மீனையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னாள். அப்பா ஆறுமுகப்பெருமாள் கருப்பட்டி வியாபாரி, வந்த லோடை இறக்கி விற்றுவிட்டுப் பதினைந்து நாளில் வருகிறேன், அதுவரைக்கும் பொறு என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட சுயம்புலிங்கம் அன்று சாப்பிடவில்லை. வெள்ளை வெளேரென்று ஆறு இட்லி அவன் தட்டில் இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் வடிவம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். துணிமணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த இசக்கிக்குக் குளிரில் பல் கிட்டிவிட்டது, அடுப்பு எரிகிறதா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனாள், அடுப்பு எரியவில்லை. பக்கத்தில் மாவுத் தூக்கு இருந்தது, தள்ளிவைக்கலாம் என்று தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். காய்ச்சல்காரக் குழந்தையின் வயிறு போல அது சுட்டது. தரையில் உட்கார்ந்து தூக்கை இரண்டு கையாலும் அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உடம்பில் பட்ட முதல் சூடு அது, அதில் கண் கலங்கிவிட்டது.

வடிவம்மாள் வந்து பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். கடலோரத்துக்காரி, மூக்கு நீளம், நம்மைப் பார்த்தால் இளப்பம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்த மருமகள், மாவுச் சட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குளிருதுன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னாப் போயிருமா அத்தே?"

வடிவம்மாளுக்கும் குளிரும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. இசக்கி தூக்கைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி இருக்கிற திசையைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சூடு மாவுக்குத்தான் போவும்னா, மாவு தண்ணிக்குள்ள போவட்டும். இதத் தொட்டிக்குள்ள எறக்கட்டுமா?"

"பொங்கி மூடி தொறந்துக்கிச்சுன்னா?"

"மீனு செத்துரும். நாளைக்குச் சாவுறது இன்னைக்குச் சாவும்."

வடிவம்மாள் தூக்கை வாங்கினாள், பாதி மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள், விளிம்பைத் துடைத்து மூடியை அழுத்தி, மேலே கொக்கி போட்டு, கையால் நாலு தடவை உலுக்கிப் பார்த்தாள், பிறகு அவளே கொண்டுபோய்த் தொட்டியின் நடுவில் இறக்கினாள். இரண்டு பெண்களும் தெர்மாமீட்டரின் முன்னால் தோளும் தோளும் ஒட்டி உட்கார்ந்தார்கள். சிவப்புக் கோடு அசைந்தது. கொஞ்சம் ஏறி நின்றது. ஒரு தூக்கு போதாது என்று தெரிந்ததும் வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய், ரத்னாபாயைக் கூப்பிட்டு, "ஒன் மாவக் கொண்டா. பாதிதான் இருக்கணும், மூடி இறுக்கமா இருக்கணும். குடுக்க மாட்டேன்னு சொன்னியானா பிளக்கைப் பிடுங்கிட்டு நான் போய்ப் படுத்துருவேன்" என்றாள். அவள் குரல் அப்படி ஏறி நாங்கள் கேட்டதில்லை. ரத்னாபாய் கொண்டுவந்தாள், முகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டாம், ஆனால் கொண்டுவந்தாள்.

நாலு தூக்கு இறங்கியபோது தண்ணீர் பதமாயிற்று. மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன. நாள் ஆக ஆகப் புள்ளிகள் உதிர்ந்தன, கறுப்புக் கோடுகள் மை தீட்டினாற்போல் திரும்பின, தெருவுக்கும் நஷ்டம் ஒன்றும் இல்லை, தொட்டியில் வைத்த மாவு மற்ற மாவைவிட நன்றாகவே பொங்கியது. அதனால் தூக்கை நான் தருகிறேன், நான் தருகிறேன் என்று போட்டி வந்துவிட்டது. கோடு ஏறினால் இசக்கி ஒரு தூக்கை வெளியே எடுப்பாள், இறங்கினால் வாசலில் நின்று அடுத்த வீட்டைக் கூப்பிடுவாள், தெருவே அவள் விரலைப் பார்த்து நின்றது. இந்த யோசனையைத் தான் முதல்நாளே சொல்லிவிட்டதாக ஜெபசிங் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆறுமுகப்பெருமாள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், தூக்கை எடுக்கத் தொட்டிக்குள் கைவிட்ட வடிவம்மாளை ஆண் மீன் பாய்ந்து வந்து விரலில் கொத்தியது. குனிந்து பார்த்தாள். அவளுடைய தூக்கின் வயிற்றில், ஒட்டிய ஜவ்வரிசி மாதிரி வரிசை வரிசையாக முட்டைகள். பெண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. தூக்கை எடுத்தால் முட்டை போகும், எடுக்காவிட்டால் மாவு புளிக்கும். மற்ற மூன்றை அசைத்தாலும் தண்ணீர் ஆறிவிடும், மீன் மிரண்டு முட்டையைத் தின்றுவிடும் என்று இசக்கி சொன்னாள். வடிவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பில் உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்தாள். ரத்னாபாய் வீட்டிலும் உப்புமாதான். முணுமுணுத்தாள், ஆனால் பையனை அனுப்பி வடிவம்மாள் வீட்டு வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை சொருகச் சொன்னதும் அவள்தான், எங்கள் மலையில் வேப்பிலை எங்கே கிடைத்தது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, லோடு வேனில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றோடு ஆறுமுகப்பெருமாள் வந்து இறங்கினார். அவருக்குத் தெரிந்த மீனெல்லாம் குழம்பில் கிடப்பதுதான், டிரம்மில் அள்ளிப் போட்டுக்கொண்டு பொழுதோடு கிளம்பலாம் என்ற யோசனையோடு வந்திருந்தார். நிலையில் வேப்பிலையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றியபடியே தயங்கி நின்றார். சுயம்புலிங்கம் அவர் கையிலிருந்த டிரம்மை வாங்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றான். தெரு முழுவதும் ஜன்னலில் இருந்தது.

வடிவம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குரலைத் தணித்துத்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, ஒங்க மக, நீங்க கூட்டிட்டுப் போறதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா உள்ள பிள்ளை பெத்துக் கெடக்கு. ஈரம் காயல. பச்சை ஒடம்புக்காரியக் கொண்டை ஊசி வளைவுல ஏத்தி எறக்குவீங்களா? ஒங்க வீட்டுப் பொண்ணுன்னா செய்வீங்களா?"

ஆறுமுகப்பெருமாள் உள்ளே போனார், தொட்டியில் நிற்கிற நாலு தூக்குகளைப் பார்த்தார், அவற்றில் ஒன்றின் வயிற்றில் இருந்ததைக் குனிந்து பார்த்தார், ஆண் மீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மூக்கைக் கொத்த வந்ததையும் பார்த்தார். முறை தெரிந்த மனிதர். பச்சை உடம்பு என்று சொல்லிவிட்ட பிறகு, அது மீனாக இருந்தாலும், அவரால் மேலே ஒன்றும் பேசமுடியவில்லை. உப்புமா வந்தது, சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மகளிடம் கேட்டார்.

"எப்பம்மா குஞ்சு பொரிக்கும்?"

"ரெண்டு மூணு நாள்ல பொரிச்சிரும்ப்பா. பொறவு நீந்தப் பழகணும், தீனி எடுக்கணும். இப்பம் நகட்டக் கூடாது. நீங்க கெளம்புங்க. இது ஒருவழியா முடியட்டும், நானே போன் போடுதேன்."

சரி, முடிந்ததும் சொல்லு, ஒரே எட்டில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவர் வேனில் ஏறினார். சுயம்புலிங்கம் டிரம்மை ஓடிப்போய்ப் பின்னால் ஏற்றினான், அவ்வளவு வேகமாக அவன் எதையும் ஏற்றி நாங்கள் பார்த்ததில்லை. வேன் முதல் வளைவில் திரும்பி மறைகிறவரைக்கும் இசக்கி வாசலில் நின்று கையாட்டினாள்.

ஏஞ்சல் மீன் ஒரு தடவை முட்டையிட ஆரம்பித்துவிட்டால், தண்ணீர் மட்டும் பதமாக இருக்குமானால், இந்தக் குஞ்சுகள் நீந்தி முடிப்பதற்கும் அடுத்ததை இடுவதற்கும் சரியாக இருக்கும், அப்படியே போட்டுக்கொண்டே இருக்கும், அது ஒருவழியாக முடிகிற சமாசாரம் இல்லை. இசக்கிக்கு அது நன்றாகத் தெரியும். அப்பாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை.